கீரி மேல் பழி, மரநாய்க்குக் கோழி: எந்தக் காவல் எதற்கு உதவும்?

கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்டிருந்த சேவல் காலையில் கூட்டுக்குள் தலையில்லாமல் கிடந்தது. பக்கத்தில் இரண்டு பெட்டைகள். அவற்றின் கழுத்தில் மட்டும் கடி. உடம்பில் ஓர் இறகுகூடக் கலையவில்லை. ஆச்சி குனிந்து பார்த்துவிட்டு, “கீரிதாம்லே. ரத்தத்தக் குடிச்சிட்டுப் போட்டுட்டுப் போயிருக்கு” என்றாள். செத்த சேவலின் நிறமும் கீரி. ‘கீரியைக் கீரி அடிச்சிட்டு’ என்று மச்சான் இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்தான்.

ஆச்சி சொல்லுக்கு மறுசொல் ஏது. வேலிக்கு அடியில் இருந்த பொந்துகளை எல்லாம் கல் வைத்து அடைத்தேன். பகலில் கோழி மேயும்போது ஓர் ஆளைக் காவல் வைத்தேன் (ஆள் என் எட்டு வயது மகள், சம்பளம் சீனி மிட்டாய்). பன்னிரண்டாம் நாள் ராத்திரி இன்னொரு பெட்டை போனது. அன்று சத்தம் கேட்டு டார்ச்சோடு ஓடினேன். முருங்கைக் கிளையில் இரண்டு கண்கள் பளபளத்தன, கீழே நீளமாக ஒரு வால் தொங்கியது. மரநாய்.

யோசித்தால் முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்துக் கீரி பகலில் வேட்டையாடுவது. வெயில் ஏறுவதற்கு முன்னும் சாயங்காலமும்தான் வரப்பிலும் வேலியோரத்திலும் ஓடும். இருட்டினால் பொந்துக்குள் போய்விடும். நடுராத்திரியில் செத்த கோழிக்கு அதைக் குற்றம் சொல்வது, அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவன் மேல் திருட்டுக் கேஸ் போடுவது மாதிரி. மரநாயோ பகல் முழுக்கப் பனை மட்டைக்குள்ளோ ஓட்டுக்கூரை இடுக்கிலோ சுருண்டு தூங்கும், ராத்திரிதான் இறங்கும். பனையேறிகளுக்கு இதை நன்றாகத் தெரியும். கலயத்தில் வாய் வைக்கும் திருடன் இதுதான். பழந்தின்னி என்று நினைத்தால் கோழியையும் விடாது.

எனவே எந்த வலை நல்லது, எந்தக் கூண்டு நல்லது என்று கடையில் கேட்பதற்கு முன்னால், வந்தது யார் என்று பார்க்க வேண்டும். நான் அதைத் தலைகீழாகச் செய்து காசைத் தொலைத்தவன்.

செத்த கோழி சொல்வது

தலையோ நெஞ்சுக்கறியோ மட்டும் தின்றிருந்து, மற்ற கோழிகள் கழுத்துக் கடியோடு கிடந்தால், ராத்திரி என்றால் மரநாய் அல்லது புனுகுப்பூனை, பகல் என்றால் கீரி. அடைத்த கூட்டுக்குள் கோழிகள் படபடத்துக்கொண்டே இருக்கும். அது அடங்கும்வரை இவையும் கடித்துக்கொண்டே இருக்கும். தின்னும் அளவுக்கு மேல் கொல்வது அதனால்தான். கழுத்துக் கடியில் ரத்தம் வெளியே அதிகம் சிந்தாது. ‘குடித்துவிட்டது’ என்ற பேச்சு அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

கோழியே காணவில்லை, வேலிவரை நாலைந்து இறகு மட்டும் என்றால் காட்டுப்பூனை. கூடவே ஒருமுறை வந்த இடத்துக்கு அது திரும்ப வரும். முதுகிலும் பின்புறத்திலும் கடி, முற்றம் முழுக்க இறகு, ஐந்தாறு கோழி ஆளுக்கொரு மூலையில், ஒன்றையும் தின்னவில்லை என்றால் நாய். இதை மனுஷர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், ஏனென்றால் அந்த நாய் பெரும்பாலும் பக்கத்து வீட்டு நாய். கீரி மேல் பழி போட்டால் யாரோடும் சண்டை வராது பாருங்கள்.

குஞ்சுகளின் கதை வேறு. பகலில் தாய்க்கோழி ஒரு கத்து கத்தி, எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தால் பருந்து அல்லது வல்லூறு. பருந்து ஒரே வீச்சில் தூக்கிக்கொண்டு போய்விடும். வல்லூறு மரத்துக்குள் ஒளிந்திருந்து தாழப் பறந்து வந்து அடிக்கும். பொரித்து இரண்டு நாள் ஆன குஞ்சு என்றால் காகமும் உண்டு. காலில்லாமல் குஞ்சு கிடந்தால், அல்லது கூட்டு மூலையில் வளை இருந்தால் பெருச்சாளி. முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு என்று சந்தேகிக்கலாம். ஓடு உடைந்து கிடந்தால் கீரி. பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் கக்கிய குஞ்சு தலை முதல் தோள்வரை ஈரமாக ஒட்டிப்போய் இருக்கும். காயமே தெரியாமல் அடைக்கோழி செத்திருந்தால், அதைத் தூக்குவதற்கு முன்னால் அதன் அடியில் கம்பை விட்டுப் பாருங்கள். நல்லபாம்பு அங்கேயே இருக்கலாம்.

இதற்கும் மேலே சந்தேகம் இருந்தால் சாம்பல் இருக்கிறது. அடுப்புச் சாம்பலை நன்றாகச் சலித்து, கூட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு ராத்திரி தூவிவிடுங்கள். விடிந்ததும் தடம் தெரியும். ஐந்து விரல் என்றால் கீரி, மரநாய் வகை; நாலு விரலும் நகக் கீறலும் என்றால் நாய்; நாலு விரல், நகமே இல்லை என்றால் பூனை. பாம்பு போனால் கோடு. பைசா செலவில்லை. கேமராவெல்லாம் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் கடைசியில் கண்டது ஒரு வாலைத்தான்.

ராத்திரிக்கு: பஞ்சாரமா, கல்கூடா, வலைக்கூண்டா?

பஞ்சாரம் என்கிற கவிழ்கூடையைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சோடு தாயை நிழலில் கவிழ்த்து வைக்க அதைவிட நல்லது கிடையாது. ராத்திரிக்கு அது காவலே இல்லை. மேலே அம்மிக்குழவியை வைத்தாலும் நாய் மூக்கால் தள்ளிச் சாய்க்கும், பெருச்சாளி அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு வரும், பூனை இடுக்கு வழியாகக் கையை விட்டு இழுக்கும்.

பழைய வீடுகளில் புறவாசல் படிக்கு அடியிலோ தொழுவை ஒட்டியோ கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கோழிக்கூடு இருக்குமே, முன்னால் ஒரு பலகை, பலகைக்கு முட்டாக ஒரு கல். பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தால் இன்றுவரை அதை அடிக்க ஆள் இல்லை. மரநாயும் நுழையாது, நாயும் நுழையாது. ஆனால் காற்றும் நுழையாது. பத்துக் கோழியை அதற்குள் அடைத்தால் சித்திரை வெயிலில் எச்ச நெடி கண்ணைக் கரிக்கும், சளி பிடிக்கும், சுவர் இடுக்கில் கோழிப்பேன் குடியேறினால் சுண்ணாம்பு அடித்தாலும் முழுதாகப் போகாது. மூன்று நான்கு கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு, மேலே காற்றுக்கு ஒரு திறப்பு வைத்து அதில் கம்பி வலை அடித்தால், அதுவே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

மூன்றாவது வலைக்கூண்டு. நான் ஏமாந்த இடம் இதுதான். அறுகோணக் கண் உள்ள மெல்லிய வலையைக் கடையில் ‘கோழி வலை’ என்றே சொல்லி விற்கிறார்கள். பெயரைப் பார்த்து நம்பினேன். அந்த வலை கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தது. உள்ளே வருகிறவனைத் தடுக்கச் செய்ததில்லை. நாய் இரண்டு தடவை காலால் பறித்தால் முறுக்குப் பிரிந்துவிடும். அடுத்தது சங்கிலி வேலி. தோட்டத்தைச் சுற்றிப் போட அழகாக இருக்கும், செலவும் அப்படித்தான். இரண்டு அங்குலக் கண்ணில் கீரிக்குட்டியும் பாம்பும் தாராளமாகப் போகும், மரநாய் அதை ஏணியாக வைத்து ஏறும். நாய்க்கு மட்டும்தான் அது வேலி.

வெல்டு மெஷ் என்கிற, கம்பிகள் சேரும் இடத்தில் பற்றவைத்த சதுரக் கண் வலைதான் சரி. அரை அங்குலக் கண் வாங்குங்கள். கடைக்காரர் ‘கேஜ்’ கேட்பார். எண் கூடக் கூடக் கம்பி மெலிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். இருபதைவிடப் பதினாறு தடிமன். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துத் தவறாக வாங்கியவர்கள் பட்டியலில் என் பெயரும் உண்டு. கோழி வலையைவிட விலை நன்றாகவே கூட. அதனால் முற்றத்துக்கே போடாதீர்கள். ராத்திரி அடையும் பெட்டிக்கு மட்டும் போடுங்கள். நாலடிக்கு மூன்றடியில் ஒரு பெட்டி பத்துச் சிறுவிடைக் கோழிக்குப் போதும். மூன்று பக்கம் பலகை, முன்பக்கமும் பலகைக்கு மேல் காற்றுப்பகுதியும் மெஷ், தளத்துக்கு அடியிலும் மெஷ். பெட்டியைக் கல்லுக்கால் மேல் தூக்கி வைக்கவில்லை என்றால், சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு வலையைத் தரையோடு விரித்து மண் போட்டு மூடுங்கள். தோண்டுகிற பிராணி சுவரோரத்தில்தான் தோண்டும். வலை இடித்தால் ஓரடி பின்னால் போய்த் தோண்டலாம் என்ற யோசனை அதற்கு வராது.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது. மரநாயின் கை கிட்டத்தட்டப் பிள்ளைகளின் கை. இழுத்துத் திருப்பிப் போடும் தாழ்ப்பாள் வேண்டும்.

மரத்தில் அடையட்டும், பழைய காலத்தில் அப்படித்தானே என்று மைனி சொல்வாள். வேம்பில் ஏறி அடையும் கோழிக்கு நாய் பயம் இல்லை, அது உண்மை. ஆனால் இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, மரநாய்க்குத் தெரியும், கோட்டானுக்கும் தெரியும். இவை இரண்டும் இல்லாத ஊர் நம் சீமையில் எங்கே இருக்கிறது?

பகலுக்கு: வலைப்பந்தலா, நாயா, கின்னிக்கோழியா?

உவரி, இடிந்தகரைப் பக்கம் கழித்துப்போட்ட மீன்வலை கிடைத்தால் முற்றத்துக்கு மேலே பந்தலாகக் கட்டிவிடலாம். பருந்துக்கு இது முழுத் தீர்வு. ஆனால் ஓரத்தைத் தரைவரை தொங்கவிடக் கூடாது. நான் விட்டேன். ஒரு நாள் காலையில் ஆறடிச் சாரை ஒன்று நைலான் கண்ணுக்குள் கழுத்து இறுகிப்போய்க் கிடந்தது. தீயணைப்புத் துறையினர் வந்து வலையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுத்தார்கள். தரையிலிருந்து முக்கால் ஆள் உயரத்தில் வலையை முடித்துவிடுங்கள்.

வலை இல்லாதவர்களுக்கு நான் சொல்வது ஒளிவிடம். உடைமுள்ளை வெட்டி அங்கங்கே குவித்து வைப்பது, கால் உடைந்த கட்டிலைப் போட்டு வைப்பது, வாழைக்கு நடுவே மேயவிடுவது. தாய்க்கோழி கத்தியவுடன் குஞ்சுக்கு ஓடி நுழைய நாலு எட்டில் ஓர் இடம் இருந்தால் பருந்தின் வீச்சு வீணாகும். முதல் ஆறு எட்டு வாரம்தான் இந்தப் பாடு. பழைய சிடி தட்டு கட்டித் தொங்கவிடுவது, சோளக்கொல்லைப் பொம்மை வைப்பது எல்லாம் ஒரு வாரத்துக்கு வேலை செய்யும். பிறகு பொம்மையின் தலையில் காகம் உட்காரும்.

நாய் என்றால் குட்டியிலேயே கோழிகளோடு வளர்ந்த நாட்டு நாய். ஆசைக்கு சிப்பிப்பாறையோ கன்னியோ வாங்காதீர்கள். ஓடுவதைத் துரத்துவதற்காக வளர்த்த இனங்கள் அவை, கோழி ஓடத்தான் செய்யும். களக்காடு, பாபநாசம் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: அங்கே ராத்திரி வெளியில் கட்டிய நாயே சிறுத்தைக்கு அழைப்பு.

கின்னிக்கோழி நாலைந்து இருந்தால் பாம்பு, கீரி, அந்நிய நாய் எது வந்தாலும் தெருவையே எழுப்பும். சண்டை போடாது, சத்தம்தான் போடும். வீட்டில் ஆள் இருந்தால் அந்தச் சத்தத்துக்கு மதிப்பு உண்டு. ஆள் வேலைக்குப் போகிற வீட்டில் அண்டை வீட்டாரின் பகைதான் மிச்சம். தவிர, அவற்றையும் சாயங்காலம் கூட்டுக்குப் பழக்கியாக வேண்டும். மரத்தில் ஏறி அடைந்தால் மரநாய்க்குப் பலகாரம்.

பாம்புக்கு வசம்பு, பூண்டு, சிறியாநங்கைச் செடி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. தீவனத்தை மூடிவைத்தால் எலி வராது, எலி வராவிட்டால் பாம்புக்குப் பாதி வேலை இல்லை. முட்டையை அன்றன்றைக்கு எடுத்துவிட்டால் மீதியும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கன்னடியன் கால்வாய் ஓரத்திலிருந்து மேடு தேடி வந்ததெல்லாம் வேறு கணக்கு. அந்த வாரம் கூட்டுக்குள் கையை விட யாருக்குத் துணிச்சல் இருந்தது!

இன்னும் இரண்டு ‘வழிகள்’ ஊரில் உண்டு, சொல்லாமல் விட முடியாது. கோழிக் குடலில் குருணை மருந்து கலந்து வைப்பது ஒன்று, வேலிக்குக் கரண்ட் கொடுப்பது இன்னொன்று. மருந்து வைத்தால் மரநாய் சாகிறதோ இல்லையோ, தெரு நாயும் மயிலும் சாகும். கரண்டில் மனுஷனே செத்திருக்கிறான். கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு, சாரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை, ஜெயில் உண்டு. அதுவும் போக, ஒன்றைக் கொன்றால் அந்த இடத்துக்கு அடுத்தது வரும். கூட்டில் ஓட்டை அப்படியே இருக்கிறதே.

எல்லாவற்றையும் செய்த பிறகும் நான் ஒருமுறை தோற்றேன். அடுத்த கொடை ராத்திரி, வில்லுப்பாட்டு முடிந்து இரண்டு மணிக்கு வீடு வந்தபோது கூட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. சாத்தும் முறை என்னுடையது. இரண்டு பெட்டை குறைந்தன, மெஷ்ஷில் ஒரு கம்பிகூட வளையவில்லை. இப்போது மாலை ஆறரைக்கு போனில் அலாரம் அடிக்கிறது. மகள் போய்த் தாழ்ப்பாளைத் திருப்பிவிட்டு வந்து எண்ணிக்கை சொல்கிறாள்.

சாம்பல் தூவுவதை நான் இன்னும் விடவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது ஐந்து விரல் தடம் விழுகிறது. கூட்டை ஒருமுறை சுற்றி, தாழ்ப்பாளுக்கு நேர் கீழே கொஞ்ச நேரம் நின்று, முருங்கைப் பக்கம் திரும்பிப் போகிறது.