குளக்கோட்டனை மரத்தில் வெட்டவா, லினோவில் வெட்டவா?

திருகோணமலையில் கந்தளாய்க் குளத்தைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனின் கதையையோ, இராவணன் வாளால் பிளந்ததாகச் சொல்லப்படும் பாறைப் பிளவான இராவணன் வெட்டையோ தொடர் அச்சுப்படங்களாகச் செய்ய நினைப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: படத்தைச் செதுக்கி மை தடவி அச்சிட மரக்கட்டையா, லினோவா (லினோலியம் என்ற மென்மையான தகடு)?

செலவு
மரம்: தச்சுப் பட்டறையில் பிளைவூட் துண்டு கேட்டாலே போதும்.
லினோ: ஓவியப் பொருள் கடையில் தேடி வாங்க வேண்டும்.

வெட்டுதல்
மரம்: இழைக்குக் குறுக்கே போனால் சிலும்பும். முதிரை, பாலை பக்கமே போகாதீர்கள், கை விட்டுப்போகும்.
லினோ: ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்ந்தது, எந்தத் திசையிலும் ஒரே மாதிரி வெட்டுப்படும். வெயிலில் கொஞ்சம் வைத்தால் இன்னும் இளகும். வெயிலுக்கு இங்கே பஞ்சமா!

நீடித்து உழைப்பது
மரம்: ஈரக் காற்றில் வளையலாம்.
லினோ: பழசானால் காய்ந்து வெடிக்கும்.

தோற்றம்தான் எனக்குப் பெரிய விஷயம். இராவணன் வாளால் பாறையைப் பிளக்கும் காட்சிக்கு மரத்தை அடிக்க ஆளில்லை. இழைக் கோடுகளே பாறை வெடிப்பாகவும் கடலாகவும் அச்சில் விழும். லினோவில் கறுப்பு தட்டையாக நிற்கும். ஆனால் கந்தளாய்க் குளக்கட்டில் மண் சுமக்கும் கூட்டம், வளைந்த கோடுகள் என்றால் லினோதான் சுகம். பிரட்ரிக் கோட்டை வாசல் கல்வெட்டிலுள்ள குளக்கோட்டன் பாட்டு வரிகளைப் படத்தோடு சேர்ப்பதானாலும் லினோவே சரி. தமிழ்ச் சுழிகளை இடவலமாகத் திருப்பி மரத்தில் வெட்டுவது பெரும் தலைவேதனை.

அச்சுப் பொறி இரண்டுக்குமே கட்டாயமில்லை. தாளின் மேல் கரண்டி முதுகால் தேய்த்தாலே போதும்.

பள்ளிப் பிள்ளைகளோடு முழுக் கதையையும் பல காட்சிகளாகச் செய்வதென்றால் லினோ. சுவரில் மாட்ட ஒரே பெரிய இராவணன் படம் வேண்டுமா, மரம்.