வெள்ளைச் சாலைகளைக் காட்டும் தாள்: மிஷெலின் 332, த்ரோம் – வோக்லூஸ்

பிரான்சின் தென்கிழக்கில், ரோன் ஆற்றைத் தாண்டிக் கிழக்கே நகர்ந்தால் சமவெளி முடிந்து மலை தொடங்கும். த்ரோம், வோக்லூஸ் என்ற இரண்டு மாவட்டங்களும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அங்கே சாலைக்குப் பஞ்சமே இல்லை. எந்தச் சாலையில் வண்டி குறைவு என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு இன்றைக்கும் கைகொடுப்பது மிஷெலின் வெளியிடும் 332-ஆம் எண் காகித வரைபடம். இந்த டயர் கம்பெனி பிரான்ஸ் முழுவதையும் தாள் தாளாக வரையத் தொடங்கியது 1910-ல். முதல் தாள் அவர்களுடைய சொந்த ஊரான கிளெர்மோன் ஃபெரான்.

332-ன் அளவு 1:1,50,000. தாளில் ஒரு செ.மீ. என்றால் தரையில் ஒன்றரை கி.மீ. நூறு கி.மீ. சுற்று ஒன்று தாளில் 67 செ.மீ. நீளத்துக்குள் அடங்கிவிடும். மேஜையில் விரித்தால் போகும் வழி, திரும்பும் வழி, மழை வந்தால் குறுக்கே இறங்க ஒரு வழி என்று மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். ஃபோன் திரையில் இதுதான் முடியாது. பெரிதாக்கினால் பக்கத்துப் பள்ளத்தாக்கு மறைந்துபோகும், சிறிதாக்கினால் சின்னச் சாலை மறைந்துபோகும்.

சாலைகளுக்கு மூன்று நிறம். சிவப்பு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை மிச்சமெல்லாம். வெள்ளையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நிறம் சொல்வது சாலையின் தகுதியை. அதில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகிறது என்பதை அல்ல. வலான்ஸ், மோந்தெலிமார் மாதிரி ஊர்களைச் சுற்றியுள்ள வெள்ளைச் சாலைகள், சாயங்காலம் வேலை விட்டு வீடு திரும்புகிறவர்களுக்குக் குறுக்குவழி. மலைக்குள் ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஓடும் மஞ்சள் சாலை பல நேரம் அதைவிட வெறிச்சென்று கிடக்கும்.

சாலை எண்ணையும் நம்ப வேண்டாம். டி என்று தொடங்கினால் மாவட்டச் சாலை, ஆகவே அமைதியானது என்று கணக்குப் போடக்கூடாது. தேசியச் சாலைகளில் பெரும்பகுதியை 2006-ல் மாவட்டங்களிடம் ஒப்படைத்தபோது அவற்றுக்கும் டி எண்ணே வந்தது. இதே தாளின் கிழக்கு ஓரத்தில் க்ருவா ஓத் கணவாயைக் கடக்கும் டி 1075, 'என் 75' என்ற பழைய தேசியச் சாலைதான். கிரெனோபிளிலிருந்து தெற்கே போகும் லாரிகள் அதில்தான் வரும். பழைய புத்தகக் கடையில் 2006-க்கு முந்தைய பதிப்பு கிடைத்தால் வளைவு நெளிவு பார்க்க உதவும். எண்கள் மட்டும் வழிகாட்டிப் பலகையோடு ஒத்துவராது.

அப்படியானால் அமைதியான சாலையை எப்படி அடையாளம் காண்பது? அதே இரண்டு ஊர்களுக்கு இடையே வேகமாகப் போக இன்னொரு சாலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கார்கள் அதில் போய்விடும், மற்றது உங்களுக்கு. பள்ளத்தாக்கில் இருப்பதே ஒரு சாலை என்றால் டிராக்டர், பள்ளிப் பேருந்து, லாரி எல்லாம் உங்களோடுதான் வரும்.

வில் சூர் ஓஸோன் என்ற ஊரில் விரலை வையுங்கள். அங்கிருந்து ஸோ ஊருக்கு இரண்டு கோடுகள் கிளம்பும். ஒன்று டி 1, அபெய் கணவாய் (996 மீ.) வழியாக ஏறக்குறைய நேராக ஓடும். மற்றது டி 942, நெஸ்க் ஆற்றின் பிளவை ஒட்டிப் பாம்பு போல நெளியும். கார்பாந்த்ராவிலிருந்து ஸோவுக்குக் காரியமாகப் போகிறவர் யாரும் நெஸ்க் வழியைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். இடது கையில் மலைச்சுவர், வலது கையில் பள்ளம், சுமார் இருபது கி.மீ. தூரம் மெல்ல மெல்ல ஏற்றம். 734 மீ. உயரத்தில் பாறை எதிரே நிற்கும் காட்சிமுனை வரைக்கும் இரண்டு மூன்று சதவீதச் சரிவுதான். நடுவே சின்னச் சின்னச் சுரங்கங்கள் உண்டு. வெயிலில் இருந்து சட்டென்று இருட்டுக்குள் நுழைய வேண்டியிருப்பதால் பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

இதே விதி வடக்கேயும் வேலை செய்கிறது. புயி லே பரோனியிலிருந்து நியோன்ஸ் போகிற கார்கள் மோலான் பக்கமாகச் சுற்றிப் போகும். டி 108-ல் ஏய் கணவாய் (718 மீ.) ஏறி சேன்ட் ஜால் இறங்குகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களும் சைக்கிள்காரர்களும்தான். மோன் வோந்தூ உச்சிக்கு வரிசைகட்டி ஏறும் கூட்டம் வேண்டாம் என்றால், அதே மலையின் வடக்கு அடிவாரத்தில் தூலூரான் ஆற்றங்கரையோடு போகும் டி 40-ஐப் பாருங்கள். ப்ராந்த் கிராமம் பாறை முகட்டில் ஒட்டிக்கொண்டு நிற்க, எதிரே மலையின் முழு வடக்கு முகமும் தெரியும்.

சாலையை ஒட்டிப் பச்சைக் கோடு இருந்தால் காட்சி அழகானது என்று பொருள். அது உண்மைதான். ஆனால் மோட்டார் சைக்கிள்காரர்களும் இதே தாளைத்தான் வைத்திருக்கிறார்கள். கோடையில் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் பச்சைக் கோட்டுச் சாலைகளைத் தவிர்த்து, அவற்றை வாரநாளில் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுவது நல்லது. நெஸ்க்கும் இதற்கு விலக்கல்ல.

இனி ஏற்றம். சாலைமேல் சின்ன அம்புமுனைகள் இருக்கும், கூர்முனை மேட்டைப் பார்த்திருக்கும். ஒரு முனை 5 முதல் 9%, இரண்டு 9 முதல் 13%, மூன்று என்றால் 13%-க்கு மேல். மூன்று முனை கண்ட இடத்தில் கியர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல், நிமிடத்துக்கு 60 மிதி என்றால் வேகம் மணிக்கு ஏழரை கி.மீ. 13% சரிவில் அதற்கு 225 வாட் அளவு வேண்டும். பின்னே 28 பல் மட்டும் இருந்தால் அதே மிதிக்கு 270 வாட்டுக்குப் போய்விடும். அவ்வளவு சக்தி இல்லாதவர்களுக்கு மிதி 50-க்குக் கீழே விழும், முட்டி வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தத் தாளை வைத்து வழி போடுகிறவர்கள் பின்னே 34 பல் வரை உள்ள கேசட்டை (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) போட்டுக்கொள்ளட்டும்.

இந்த வரைபடத்தின் பெரிய குறையும் இங்கேதான். உயரக் கோடுகள் இல்லை, மலைகளுக்கு நிழல் தீட்டியதோடு சரி. அம்புமுனை அந்த இடத்தின் சரிவைச் சொல்லும். எவ்வளவு தூரத்துக்கு என்று சொல்லாது. 5%-க்குக் கீழ் இருந்தால் எந்தக் குறியும் கிடையாது. நெஸ்க் போல நானூறு மீட்டருக்கு மேல் ஏறும் சாலைகூடச் சமதளம் போலத் தெரியும். கணவாய்களின் உயரம் அச்சிட்டிருக்கிறது, எல்லா ஊருக்கும் உயரம் இல்லை. எனவே ஊரின் உயரத்தை வேறிடத்தில் பார்த்து, கணவாயின் உயரத்திலிருந்து கழித்து, தாளில் சாலையோரம் தரும் தூரத்தால் வகுக்க வேண்டும். 'தீ' என்ற ஊர் சுமார் 410 மீ., ரூஸே கணவாய் 1254 மீ., நடுவே ஏறத்தாழ 20 கி.மீ. என்றால் சராசரி 4.2%. நீளமான, சீரான ஏற்றம் என்று புறப்படும் முன்பே தெரிந்துவிடும்.

பிரெஞ்சு அரசின் வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 தாள்களில் உயரக் கோடுகள் மலைப்பகுதியில் பத்து மீட்டருக்கு ஒன்று வீதம் இருக்கும். ஆனால் நூறு கி.மீ. சுற்றுக்கு மூன்று நான்கு தாள் தேவைப்படும். மிஷெலினில் வழியைத் தேர்ந்தெடுத்து, ஐ.ஜி.என். வரைபடத்தை இணையத்தில் திறந்து அதே வழியைச் சரிபார்த்து, பிறகு ஜி.பி.எஸ். கருவிக்கு ஏற்றுவதுதான் சரியான வரிசை. ஆப்பிடம் முதலிலேயே பொறுப்பை விட்டால், தார் இல்லாத காட்டுப்பாதையில் கொண்டுபோய் விடுவது அடிக்கடி நடக்கிறது. அந்தப் பாதையின் தரையைப் பற்றி யாரும் தகவல் பதியாததே காரணம்.

தண்ணீர்க் குழாய், கடை எதையும் 332 காட்டாது. ஐ.ஜி.என். தாளில் கல்லறைத் தோட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் வாசல் பக்கத்திலேயே குழாய் இருக்கும். குடிக்க உதவாத தண்ணீர் என்றால் 'நோன் பொத்தாபிள்' என்று எழுதியிருப்பார்கள், அதைத் தேடிப் படித்துவிட்டுப் பிடியுங்கள். கிராமத்துக் கடைகள் மதியம் அடைத்துவிடும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ரொட்டித் துண்டுகூடக் கிடைப்பது அரிது. 'கிராவியோன்' என்ற மஞ்சள் பலகையும் எந்த வரைபடத்திலும் இராது. கோடையில் சாலைக்குத் தார் தெளித்து மேலே சின்ன ஜல்லியைத் தூவிவிட்டு, வண்டிகளே அமுக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். இறக்கத்தில் இது வந்தால் திருப்பத்துக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட்டு, திருப்பத்துக்குள் சாயாமல் போக வேண்டும். 32 மி.மீ. டயரில் 55 முதல் 60 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் சமாளிக்கலாம்.

தாளின் மடிப்பு உயரமானது, ஜெர்சிப் பைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். வியர்வை பட்டால் மடிப்புமூலைகள்தான் முதலில் கிழியும். வீட்டில் வைத்துத் திட்டம் போட்டு, அன்றைய பகுதியை மட்டும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போவது தாளுக்கும் நல்லது. பெர்த்தி கணவாயைக் (1302 மீ.) கடந்து கிழக்கே இறங்குவதாக இருந்தால் 334, ரோனுக்கு மேற்கே அர்தேஷ் மலைகளுக்கு 331 வேண்டும். வெர்கோர் மலைப்பகுதியின் வடக்குப் பாதிக்கு 333.