வளர்கிற தொண்டு நிறுவனம் என்றால் நல்ல நிறுவனமா?

நன்கொடை கொடுக்கும் முன், அந்தத் தொண்டு நிறுவனம் சீராக வளர்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். சரி, எதன் வளர்ச்சியை? வரவையா, பணிக்கான செலவையா? இரண்டையும் விட்டுவிட்டு, ‘இன்னும் பணம் வந்தால் ஒழுங்காகச் செலவழிக்க முடியுமா’ என்று மட்டும் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

வரவுக் கணக்கு எளிதில் கிடைக்கும். அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். லண்டனில் 1996இல் தொடங்கிய கிட்ஸ் கம்பெனி, நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. அதன் வரவு ஏறிக்கொண்டே போனது. உதவி தேடி வரும் பிள்ளைகளும் அதிகமாக, வந்த பணமெல்லாம் செலவாகி, கையிருப்பு சேரவே இல்லை. 2015 ஜூலை இறுதியில் அரசு 30 லட்சம் பவுண்டு கொடுத்தது. அதே வேளையில் ஒரு குற்றச்சாட்டு எழுந்து நன்கொடையாளர்கள் பின்வாங்க, ஆகஸ்ட் 5ஆம் தேதி மூடிவிட்டார்கள். விசாரித்த போலீஸ் ஆதாரம் இல்லையென்று பிறகு கைவிட்டது. நிர்வாகிகள் இனி எந்த நிறுவனத்துக்கும் இயக்குநராக இருக்கக் கூடாது என்று தொடுத்த வழக்கும் 2021இல் தள்ளுபடியானது. ஆனால் அதற்குள் நிறுவனமே இல்லை. ஏறுமுகமான வரவு வரைபடத்தில் இந்த ஆபத்து தெரிந்திருக்காது.

இதே அளவுகோல் நல்லவர்களையும் தண்டிக்கும். 2014இல், தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் ஐஸ் பக்கெட் சவால் மூலம், ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்த ஆண்டை அடிப்படையாக வைத்தால் அடுத்த ஆண்டுகளில் வரவு சரிவாகத்தான் தெரியும். அந்தப் பணத்தின் துணையோடு நடந்த ஆய்வில்தான் 2016இல் நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு அடையாளம் காணப்பட்டது!

அப்புறம் பணிச் செலவின் வளர்ச்சி. இது மேல். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் சாரிட்டி நேவிகேட்டரே 2016இல் வரவு வளர்ச்சியை நீக்கிவிட்டு இதை வைத்துக்கொண்டது. ஓட்டை இதிலும் உண்டு. காயமடைந்த அமெரிக்கப் படைவீரர்களுக்காக 2003இல் தொடங்கிய வூண்டட் வாரியர் ப்ராஜெக்ட் வேகமாக வளர்ந்தது. 2016 ஜனவரியில் ஆடம்பரச் செலவு பற்றிய செய்திகள் வந்தன. மார்ச்சில் தலைமை அதிகாரிகள் இருவர் நீக்கப்பட்டார்கள். நன்கொடை கேட்கும் செலவில் ஒரு பகுதியையும் பணிக்கணக்கில் சேர்த்திருந்தார்கள் என்பதும் விமர்சனம். எதைப் ‘பணி’ என்று எழுதுகிறார்கள் என்று பார்க்காமல் இந்த எண்ணை நம்பக் கூடாது.

இன்னும் பணம் வந்தால் ஒழுங்காகச் செலவழிக்க முடியுமா என்ற மூன்றாவது கேள்வியைப் பிரபலமாக்கியது, தொண்டு நிறுவனங்களை ஆராய்ந்து பரிந்துரைக்கும் கிவ்வெல். கொசுவலை வழங்கும் அகென்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷனை அவர்கள் மெச்சிக்கொண்டே 2013இல் பரிந்துரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். வந்த பணத்துக்கு ஏற்ற வேகத்தில் வலை வினியோக ஒப்பந்தங்கள் அமையவில்லை என்பதுதான் காரணம். அடுத்த ஆண்டே திரும்பச் சேர்த்தார்கள். நேர்மையான அளவுகோல் இதுதான் என்பேன். ஆனால் உள்ளே போய்க் கேட்க ஆளும் நேரமும் வேண்டும். ஆயிரம் ரூபாய் கொடுப்பவருக்கு அது கட்டாது.

சிறிய நன்கொடைக்கு என் தேர்வு இரண்டாவதுதான், ஒரு திருத்தத்தோடு. ஐந்து ஆண்டுப் பணிச் செலவைப் பாருங்கள். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே கையிருப்பையும் பாருங்கள்: வரவு நின்றால் எத்தனை மாதம் ஓடும்? ஆறு மாதம் என்றால் எனக்குத் திருப்தி. நாலைந்து ஆண்டு உட்கார்ந்து சாப்பிடும் அளவு குவிந்திருந்தால், வளர்ச்சி எவ்வளவு சீராக இருந்தாலும் வேறு இடம் தேடுவேன்.