பழைய மடிக்கணினிக்குச் சொந்தக் கெர்னல்: எந்த வழி பொருந்தும்?

திருகோணமலையின் கோணேசபுரி வளாகத்தில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இது: லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை நாமே அமைத்து, அதன் மூலநிரலிலிருந்து தொகுக்க வேண்டுமென்றால் எந்த வழியில் தொடங்குவது? அவர்கள் கையில் இருப்பது பாவித்த மடிக்கணினி. 4 ஜிகாபைட் நினைவகம், இரண்டு கோர், சார்ஜ் நிற்காத பட்டரி. இணையம் கைத்தொலைபேசி வழியாக வருகிறது. வலுவான இயந்திரமும் வேகமான இணைப்பும் உள்ளவருக்குச் சொல்லும் விடை இவர்களுக்குப் பொருந்தாது. அதனால் இந்த நிலைமையை வைத்தே வழிகளை ஒப்பிடுகிறேன்.

வேகம் கூடும் என்ற நம்பிக்கையை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வினியோகங்கள் தரும் கெர்னலில் பெரும்பாலான ட்ரைவர்கள் (சாதனங்களை இயக்கும் நிரல்கள்) மொடியூல்களாகவே, அதாவது வேண்டும்போது மட்டும் ஏற்றும் தனித்துண்டுகளாகவே, இருக்கின்றன. தேவைப்படாதவை நினைவகத்தில் ஏறுவதே இல்லை. ஆகவே அவற்றை நீக்குவதால் கணினி பறக்கத் தொடங்காது. கெர்னலைத் தானே தொகுப்பவருக்குக் கிடைப்பது வேறு: விரும்பிய தெரிவை மாற்றும் உரிமை, புதிய பதிப்பை உடனே பெறும் வாய்ப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் இயந்திரத்துக்குள் என்ன ஓடுகிறது என்ற தெளிவு. உதாரணமாக, 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 பதிப்பில் நிகழ்நேர இயக்கத்துக்கான (தாமதமின்றி உரிய கணத்தில் வேலை முடிப்பதற்கான) பிரீஎம்ப்ட்-ஆர்டி வசதி, எக்ஸ்86 கணினிகளுக்கு மூலநிரலிலேயே சேர்ந்துவிட்டது. ஒலிப்பதிவு செய்பவர் அதைத் தானே இயக்கிப் பார்க்கலாம்.

முதல் வழி, வினியோகத்தின் கொன்பிக் கோப்பையே, அதாவது கெர்னலில் எவை சேர வேண்டும் என்ற தெரிவுகளின் பட்டியலையே, எடுத்துக்கொள்வது. இப்போது ஓடும் கெர்னலின் கொன்பிக் பூட் கோப்புறையில் இருக்கும். அதை மூலநிரல் கோப்புறைக்குள் நகலெடுத்து, ‘மேக்’ என்ற தொகுப்புக் கட்டளையை ‘மேக் ஓல்ட்டெஃப்கொன்பிக்’ என்று கொடுத்தால் புதிய தெரிவுகளுக்கு இயல்பு மதிப்புகள் நிரம்பிவிடும். இப்படிக் கட்டிய கெர்னல் அநேகமாக முதல் தடவையிலேயே எழும்பும். ஆனால் ஆயிரக்கணக்கான மொடியூல்களையும் சேர்த்தே தொகுக்க வேண்டியிருக்கும். கச்சான் காற்று அனலாய் வீசும் ஜூன், ஜூலைப் பகலில் இரண்டு கோர்களையும் மணிக்கணக்கில் முழுமூச்சாக ஓட்டினால், செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரவில் விடுவதே நல்லது. வினியோகக் கொன்பிக்கில் பிழைதிருத்தத் தகவலும் இயங்கிய நிலையில் இருக்கும்; அதை அணைக்காவிட்டால் தொகுப்புக் கோப்புறை 20 ஜிகாபைட்டைத் தாண்டக்கூடும், இறுதி இணைப்பின்போது 4 ஜிகாபைட் நினைவகமும் திணறும். உபுண்டு பாவிப்பவருக்கு இன்னொரு தடை உண்டு. கொன்பிக்கில் நம்பகச் சாவிகளுக்கான வரி, உபுண்டுவை வெளியிடும் நிறுவனத்தின் சான்றிதழ்க் கோப்பைச் சுட்டுகிறது. பொது மூலநிரலில் அது கிடையாது. அந்த வரியை வெறுமையாக்கிய பிறகே தொகுப்பு நகரும்.

இதற்கு நேர் எதிர்முனையில் ‘டைனிகொன்பிக்’ இருக்கிறது. ஏறத்தாழ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வேண்டியதை மெனுகொன்பிக் என்ற தெரிவுப் பட்டியல் திரையில் ஒவ்வொன்றாக இயக்குவது. ஒரே வேலைக்கென்று சாதனங்களுக்குள் பதிக்கப்பட்ட சிறு கணினிகளுக்கு அது சரி. அன்றாடம் வேலை செய்யும் மடிக்கணினிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தெரிவு ‘லொக்கல்மொட்கொன்பிக்’. லினக்ஸ் 2.6.32 முதல் இருக்கும் வசதி இது. இருக்கும் கொன்பிக்கை எடுத்து, இப்போது ஏறியிருக்கும் மொடியூல்களைக் காட்டும் ‘எல்எஸ்மொட்’ கட்டளையின் பட்டியலோடு ஒப்பிட்டு, அந்த வேளையில் ஏறியிராத மொடியூல்களை எல்லாம் அணைத்துவிடுகிறது. தொகுக்கும் நேரம் மிகப்பெரும் அளவில் சுருங்குகிறது. வட்டில் பிடிக்கும் இடமும் அப்படியே. இந்த ஊரின் வெப்பத்துக்கும் எங்கள் இயந்திரங்களின் வயதுக்கும் இதைவிட ஏற்ற வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தவர்களை மட்டும் பார்த்துச் சொந்தக்காரர் பட்டியல் எழுதுவது போன்ற வேலை இது; அன்று வராதவர் சொந்தமே இல்லை என்றாகிவிடுவார். வைஃபையில் இணைந்திருந்தபோது கட்டளையைக் கொடுத்தீர்களானால், யுஎஸ்பி கம்பி வழியாகக் கைத்தொலைபேசி இணையத்தைத் தரும் ஆர்என்டிஐஎஸ் ட்ரைவர் அணைந்துபோகும். 4ஜி டொங்கிளுக்கான ட்ரைவரும் அப்படியே. கமரா அட்டையின் எக்ஸ்ஃபெட், விண்டோஸ் வட்டின் என்டிஎஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள், அச்சுப்பொறி எல்லாமே இந்த வரிசையில் வரும். ஆகவே கட்டளைக்கு முன்னர் வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களையும் ஒரு தடவை செருகி, அட்டைகளைத் திறந்து பாருங்கள். இன்னும் நிதானமானவர்களுக்கு ‘மொட்ப்ரோப்ட்-டிபி’ என்ற சிறு நிரல் உண்டு. நாளாந்தப் பாவனையில் ஏறும் மொடியூல்களை அது பட்டியலில் சேர்த்துக்கொண்டே வரும். சில வாரங்கள் ஓடவிட்டு அந்தப் பட்டியலை லொக்கல்மொட்கொன்பிக்குக்குக் கொடுத்தால் விடுபடுவது மிகக் குறைவு.

பட்டியல் வேறு, தொகுக்கும் இயந்திரம் வேறு என்று பிரிக்க முடிவதுதான் இதன் பெரிய வசதி. பழைய மடிக்கணினியில் எல்எஸ்மொட் பட்டியலையும் கொன்பிக் கோப்பையும் எடுத்துப் பென் டிரைவில் போட்டு, உவர்மலையிலோ உப்புவெளியிலோ வலுவான மேசைக்கணினி வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோகலாம். அங்கே ‘பின்டெப்-பிகேஜி’ இலக்கோடு தொகுத்தால் டெபியன் பொதிகளாகவே கிடைக்கும்; வீட்டுக்கு வந்து நிறுவ வேண்டியதுதான். இடையில் மின்சாரம் போனாலும் அஞ்சத் தேவையில்லை. மீண்டும் மேக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்வெட்டின் கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு வெறுமையாகக் கிடக்கலாம். அளவு பூச்சியமான பொருள்கோப்புகளை (தொகுப்பின் இடையில் உருவாகும் .o கோப்புகளை) மட்டும் தேடி அழித்துவிடுங்கள்.

லினக்ஸ் அல்லாத இன்னொரு திறந்தமூல இயங்குதளமான ஃபிரீபிஎஸ்டியை இந்த வரிசையில் சேர்ப்பதற்குக் காரணம் அதன் கொன்பிக் கோப்பின் அழகு. லினக்ஸ் கொன்பிக் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். அதைக் கையால் எழுத யாரும் நினைப்பதில்லை. ஃபிரீபிஎஸ்டியின் இயல்புக் கொன்பிக்கான ‘ஜெனரிக்’ சில நூறு வரிகளே, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விளக்கக் குறிப்பு. சொந்தக் கோப்பில் ஜெனரிக்கை உள்ளிட்டு, ஒரு பெயர் சூட்டி, வேண்டாத சாதனங்களை ‘நோடிவைஸ்’ என்று வரிவரியாக மறுத்தால் போதும். பத்து வரியில் ஒரு கெர்னலின் தன்மையை வாசித்துவிடலாம். கெர்னல் என்றால் என்னவென்று படிக்க விரும்பும் மாணவருக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுவேன். அன்றாட மடிக்கணினிக்கு அல்ல. வைஃபை ஆதரவில் அது லினக்ஸுக்குப் பின்னேதான் நிற்கிறது. மெய்நிகர் இயந்திரத்தில் வைத்துப் பழகுவது போதுமானது.

புதிய கெர்னல் எழும்பாவிட்டால் திரும்பிவர இரண்டிலும் வழி உண்டு. லினக்ஸில் பழைய கெர்னல், கணினி எழும்பும்போது வரும் கிரப் பட்டியலில் இருக்கும். ஆனால் கொன்பிக்கில் ‘லொக்கல்வேர்ஷன்’ பின்னொட்டைக் கட்டாயம் கொடுங்கள். அதே பதிப்புப் பெயரில் நிறுவினால் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மொடியூல்கள் மேலெழுதப்படும். ஃபிரீபிஎஸ்டி முந்தைய கெர்னலை ‘கெர்னல்.ஓல்ட்’ என்று நகர்த்தி வைக்கிறது. அந்த இடத்தை நம்பியிருக்காமல், நன்றாக ஓடுவதென்று தெரிந்த ஒன்றை வேறு பெயரில் நகலெடுத்து வைக்கும்படி அதன் கையேடு அறிவுறுத்துகிறது. அதைக் கேளுங்கள்.

பாதுகாப்புத் திருத்தங்கள்தான் பலரும் மறக்கும் செலவு. சொந்தக் கெர்னலுக்கு வினியோகத்தின் தானியங்கிப் புதுப்பிப்பு வராது. ஃபிரீபிஎஸ்டியிலும் மூலநிரலைப் புதுப்பித்து மீண்டும் தொகுக்க வேண்டும். லினக்ஸில் 6.12 போன்ற நீண்டகால ஆதரவுத் தொடரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூலநிரல் சுமார் 140 மெகாபைட்; அதை இரவு டேட்டாவில் ஒரு முறை இறக்கினால் போதும். அதன் பிறகு ஒரு திருத்தப் பதிப்பிலிருந்து அடுத்ததற்கான சிறிய பட்ச் கோப்புகள் (மாறிய வரிகளை மட்டும் கொண்டவை) மட்டும் போதுமானவை. அவற்றைப் பூசி மேக் கொடுத்தால் மாறிய கோப்புகளும் அவற்றைச் சார்ந்தவையுமே மீண்டும் தொகுக்கப்படும். பல கோப்புகள் சார்ந்திருக்கும் மையமான தலைப்புக் கோப்பு ஒன்று மாறியிருக்கும் வாரத்தில் மட்டும் நேரம் நீளும்.