கைக்குழந்தையைப் பற்றி ஒரு சந்தேகமா? ஊசி போடும் நர்ஸம்மாவிடம் கேளுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். முதல் குழந்தை, பையன், இப்போது ஐந்தாவது மாதம். பிள்ளை பிறந்த வீட்டில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் பெரும்பாடு. என்னைக் கேட்டால், உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி போடும் நர்ஸம்மாவிடம் முதலில் போங்கள் என்பேன். "காசில்லாதவங்கதான் அங்க போவாங்க" என்று சொல்பவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

எங்கள் பிழைப்பே தராசில்தான். அதனால் அவர் எடை போட்ட விதம் முதலில் கண்ணில் பட்டது. தராசில் துணியை விரித்து, எண் பூஜ்யத்துக்கு வரும்வரை பொறுத்தார். சட்டை, நாப்கின் எல்லாம் கழற்றச் சொன்னார். பையன் காலை உதைத்ததில் எண் ஆடியது. அது நின்ற பிறகுதான் அட்டையில் எழுதினார். இன்னோர் இடத்தில் துண்டோடு தூக்கி வைத்து எடை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என் போன்றவனுக்கு உடனே தெரியும்.

பிறந்தபோது இருந்ததைவிட எடை குறைந்திருந்தது. என் அம்மா பதறிப்போய் டின் பால் வாங்கலாமா என்று கேட்டார். "முதல் சில நாள் பத்துல ஒரு பங்கு வரைக்கும் இறங்கும்மா. ரெண்டு வாரத்துல பிறந்த எடைக்கு வந்துடணும். வரலைன்னா நானே டாக்டர்கிட்ட அனுப்புறேன்" என்றார் நர்ஸம்மா. அப்புறம் என் மனைவியிடம், "கண்ணு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறான்?" என்று கேட்டார். முதல் வாரம் தாண்டிய பிள்ளை ஆறு தடவைக்குக் குறையாமல் போனால் பால் போதுமாம். திரை மறைவில் உட்கார்த்திப் பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். பையன் காம்பை மட்டும் கவ்வியிருக்கிறான். சுற்றியிருக்கும் கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிள்ளையை அணைத்துக் காட்டிக்கொடுத்தார். காம்பு வெடித்து அழுதுகொண்டிருந்தவளுக்கு அந்த வாரமே வலி குறைந்தது. பெரிய கிளினிக்கில் இதைச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர் அம்மாவிடம் பேசிய விதம். வசம்பு போன்றவற்றை உரைத்துப் புகட்டும் உரைமருந்தும், தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் தொக்கம் எடுப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். அவர் திட்டவில்லை. "எண்ணெய் தேய்ச்சு உங்க கையாலயே குளிப்பாட்டுங்கம்மா. மூக்குல, காதுல மட்டும் எண்ணெய் விடாதீங்க. ஆறு மாசம் தாய்ப்பால்தான், தண்ணிகூட வேண்டாம்" என்றார். தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் எதையும் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பொறுமையாக விளக்கினார். அம்மா அன்றோடு வசம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நான் சொல்லியிருந்தால் வீட்டில் சண்டைதான் வந்திருக்கும்.

பிறந்தவுடன் இடது கையில் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி சில வாரம் கழித்துக் கொப்புளமாகிச் சீழ் வைத்தது. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு களிம்பு சொன்னார்கள். நர்ஸம்மா பார்த்துவிட்டு, அந்த ஊசி அப்படித்தான் ஆறும், எதுவும் தடவ வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம் என்றார். இப்போது சின்னத் தழும்பு மட்டும் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. காய்ச்சலோடு வந்தவர்களும் கைக்குழந்தைகளும் ஒரே தாழ்வாரத்தில் நிற்கிறார்கள். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு உட்கார நாற்காலி போதவில்லை. இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

ராத்திரிக்கு 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது. கட்டணமில்லாத எண், 24 மணி நேரமும் எடுக்கிறார்கள். பதினாலாவது வார ஊசி போட்ட இரவு பையனுக்கு உடம்பு சுட்டது. பால் குடிக்கிறானா, மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கிறதா, எடை எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார்கள். காய்ச்சல் மருந்துப் பாட்டிலில் எழுதியிருப்பதையும் வாசிக்கச் சொன்னார்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே பெயரில் வரும், சொட்டு மருந்தில் வீரியம் அதிகம், ஒன்றின் அளவை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்றார்கள். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் இருக்கும் மச்சினிச்சிக்கும் இந்த எண்ணைக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர முடியுமா?

ஆனால் போன் போட்டுக்கொண்டு இருக்கக் கூடாத நேரமும் உண்டு. மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சளுக்கு வெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

புதன்கிழமை போகிறவர்கள் தாய் சேய் நல அட்டையை மறக்காதீர்கள். பிள்ளைக்குச் சுலபமாகக் கழற்றுகிற சட்டை போடுங்கள். கேட்க வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, காலையில் கூட்டம் சேருவதற்குள் போய்விடுங்கள்.