எக்ஸ்எம்எல்லை அடுக்கி எழுதும் இன்டென்ட்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

பைத்தானில் எக்ஸ்எம்எல் (தரவை டேக் என்ற குறிகளுக்குள் வைத்து எழுதும் முறை) எழுதினால் எல்லாம் ஒரே வரியாக வந்து விழுகிறதே, படிக்கிற மாதிரி எப்படி வரவைப்பது என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். பைத்தானோடு வரும் எக்ஸ்எம்எல் மாட்யூலான எலிமென்ட்ட்ரீயில் இன்டென்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஃபைலில் எழுதுவதற்கு முன் அதைக் கூப்பிடுங்கள், போதும் என்றேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

இன்டென்ட் வருவதற்கு முன்னால் பல வருடம், பைத்தானின் இன்னொரு எக்ஸ்எம்எல் மாட்யூலான மினிடாமில் இருக்கும் டுபிரெட்டிஎக்ஸ்எம்எல் ஃபங்ஷன்தான் எனக்கு. முதல் தடவை அழகாகத்தான் வரும். அதே ஃபைலைத் திரும்பப் படித்து, ஒரு மதிப்பை மாற்றி, மறுபடி எழுதினால் டேக்குகளுக்கு நடுவில் இரண்டு வெற்று வரி வந்து உட்காரும், அடுத்த தடவை நான்கு, அதற்கடுத்து ஆறு. நாமே போட்ட இடைவெளியைப் படிக்கும்போது அது ஃபைலின் உள்ளடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் இன்னொரு இடைவெளி போடுவதால் வரும் வினை. நாற்பது வரி செட்டிங்ஸ் ஃபைல் ஒன்று ஸ்க்ரோல் செய்து தீராத அளவுக்கு வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வெற்று வரிகளைக் களைய எழுதிய நாலு வரி கோடை ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் ஒட்டிக்கொண்டே திரிந்தேன்.

2020-இல் வந்த பைத்தான் 3.9-இல் இன்டென்ட் சேர்ந்தது. பழைய இடைவெளியை எடுத்துவிட்டுப் புதிதாக, டிஃபால்டாக நிலைக்கு இரண்டு ஸ்பேஸ் என்று வைக்கிறது, பத்து தடவை ஓட்டினாலும் அதே ஃபைல்தான் வரும். அந்த நாலு வரி கோடை அழித்த அன்று உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். உதவிக் குறிப்புகள் இருந்த ஒரு ஃபைலில், 'கோப்பு' என்பது தடித்த எழுத்து டேக்குக்குள்ளும், அதை ஒட்டியே 'கள்' சாய்ந்த எழுத்து டேக்குக்குள்ளும் இருந்தன. இரண்டு டேக்குக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடம்தானே என்று இன்டென்ட் அங்கே ஒரு புதிய வரியைப் போட்டது. அது திரையில் ஒரு ஸ்பேஸாகத் தெரிந்து 'கோப்பு கள்' என்று வந்தது. எந்த எரரும் இல்லை, எந்த டெஸ்டும் உடையவில்லை, படித்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. எக்ஸ்எம்எல்லில் டேக்குகளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடமும் தரவுதான், இந்த இடத்தில் கை வைக்காதே என்று சொல்ல எக்ஸ்எம்எல்:ஸ்பேஸ் என்ற அட்ரிப்யூட்டே (டேக்குக்குள் எழுதும் கூடுதல் குறிப்பு) இருக்கிறது, 'ப்ரிசர்வ்' என்று கொடுத்தும் பார்த்தேன், இன்டென்ட் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது மட்டுமல்ல, அது நகல் எடுத்துத் தருவதில்லை, கையில் இருக்கும் மரத்தையே, அதாவது மெமரியில் இருக்கும் எக்ஸ்எம்எல்லையே, மாற்றுகிறது. டிஜிட்டல் கையெழுத்திட்ட ஆவணத்தில் இதை ஓட்டினால் கையெழுத்தே செல்லாமல் போகும்.

நியாயமாகப் பார்த்தால், எந்த டேக் வாக்கியத்துக்குள் வருவது, எது வெறும் பெட்டி என்று அந்த ஃபங்ஷனுக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். வெறும் தரவு அடுக்கிய ஃபைல்களில் ஒரு தடவைகூட அது என்னைக் கைவிட்டதில்லை, அந்த வேலைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவும் தெரியாது.

இருந்தும் நண்பருக்கு இன்று திருத்திச் சொன்னது இதுதான்: சேமிப்பதை ஒரே வரியாகவே சேமியுங்கள். படிக்க வேண்டும் என்றால் டீப்காப்பியால் முழு நகல் எடுத்து அந்த நகலை இன்டென்ட் செய்து பாருங்கள், இல்லையென்றால் டெர்மினலில் எக்ஸ்எம்எல்லின்ட் என்ற கருவியை ஃபார்மட் ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள், பார்த்ததும் மூடிவிடுங்கள். மனிதர் கையால் திருத்தும் செட்டிங்ஸ் ஃபைலுக்கு மட்டும் விதிவிலக்கு, ஒரே வரியாக இருந்தால், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் என்ன மாறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்த உதவிக் குறிப்பு ஃபைலில் இன்னும் எத்தனை சொற்கள் உடைந்து கிடக்கின்றன என்று இந்த வாரம் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை பதினொன்று.