கை கால் முறிந்தால் என்ன வைத்துக் கட்டுவது? என் ஓட்டு அட்டைப்பெட்டிக்கு

எங்கள் ஊர்க் கபடிக் குழுவுக்கு முதலுதவிப் பெட்டி தயார் செய்யும் வேலை என்னிடம் வந்தது. பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல் இதிலெல்லாம் பேச ஒன்றுமில்லை. எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கை காலை அசையாமல் வைக்க எதை வாங்குவது என்பதில்தான் பேச்சு நீண்டது. மரச்சட்டம், காற்று ஊதும் உறை, வளைத்துப் போடும் அலுமினிய ஸ்பிளிண்ட், இல்லையென்றால் காசே செலவில்லாத அட்டைப்பெட்டி. நான் அட்டையைத் தேர்ந்தெடுத்தேன். முன்கை, மணிக்கட்டு, கணுக்கால், கெண்டைக்கால் என்றால் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மரச்சட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உறுதி இருக்கிறது, ஆனால் நம் கை கால் எதுவும் ஸ்கேல் மாதிரி நேராக இல்லை. துணியைத் திணித்து மெத்தை வைக்காமல் கட்டினால் கணுக்கால் முட்டிலும் மணிக்கட்டிலும் குத்தும். அதைவிட மோசம், கட்டுகிறவர் சட்டத்துக்குத் தோதாகக் கையை நேராக்கப் பார்ப்பார். முறிந்த கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில்தான் தாங்க வேண்டும், நேராக்குவது டாக்டர் வேலை.

காற்று ஊதும் உறை பார்க்க அழகு. ஆனால் உச்சி வெயிலில் வண்டிக்குள் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரியும், மலை ஏறினாலும் விரியும், இறங்கினால் தளரும். கருவேல முள் ஒன்று போதும், கதை முடிந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உண்மையான போட்டி அலுமினிய ஸ்பிளிண்ட்தான். சாம் ஸ்பிளிண்ட் என்பார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் சாம் ஷைன்பெர்க் சூயிங்கம் சுற்றிவரும் பளபளப்புக் காகிதத்தை விரலில் சுற்றிப் பார்த்ததிலிருந்து பிறந்த யோசனை அது. மெல்லிய அலுமினியத் தகடு, இரு பக்கமும் நுரை, 36 அங்குல நீளம், சுருட்டி வைத்தால் பைக்குள் அடங்கும், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம், கழற்றாமலே எக்ஸ்ரே எடுக்கலாம். நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் உறுதி முழுக்க வளைக்கும் விதத்தில் இருக்கிறது. நீளவாக்கில் நடுவே குழிவாக வளைத்தால்தான் விறைக்கும், சும்மா எடுத்துச் சுற்றினால் தொளதொளவென்று தொங்கும். அடிபட்டவரின் நல்ல கையிலோ நம் கையிலோ வளைத்து வடிவம் பார்த்துவிட்டு அப்புறம் முறிந்த கைக்குக் கொண்டுபோக வேண்டும். பழகியவர் கையில் அது பிரமாதம். எங்கள் மைதானத்தில் அன்றைக்கு யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.

அட்டைக்குப் பழக்கம் அவ்வளவு வேண்டாம், மளிகைக் கடையில் கேட்டால் பெட்டி தருவார்கள். ஒரே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: அட்டைக்குள் வரிவரியாக ஓடும் நெளிவு கையின் நீளவாக்கில் போக வேண்டும். குறுக்கே போனால் சட்டென்று மடங்கிவிடும். உள்ளங்கையிலிருந்து முழங்கை தாண்டும் அளவு வெட்டி, இரண்டு ஓரத்தையும் அந்த வரியோடு சேர்த்து மடித்தால் மேல்பக்கம் திறந்த ஒரு தொட்டி கிடைக்கும். உள்ளே துண்டை மடித்துப் போட்டு, கையைத் தூக்காமல் அட்டையை அடியில் நுழைத்து, முறிவுக்கு மேலே ஓரிடம் கீழே ஓரிடம் அகலத் துணியால் கட்ட வேண்டும். முறிந்த இடத்தின் மேலேயே கட்டக் கூடாது, முடிச்சு அட்டையின் மேல் விழ வேண்டும், தோலின் மேல் அல்ல. அப்புறம் இன்னொரு துண்டால் கழுத்தில் தொட்டில் கட்டி நெஞ்சோடு சேர்த்துவிடலாம்.

நான் அட்டைப் பக்கம் சாய்ந்ததற்கு விலை காரணமல்ல, வீக்கம்தான் காரணம். முறிந்த இடம் முதல் சில மணி நேரத்தில் வீங்கிக்கொண்டே போகும். கட்டும்போது சரியாக இருந்த கட்டு, ஆஸ்பத்திரி வாசலில் இறுகிப் போயிருக்கும். ரத்தம் போகாமல் 6 மணி நேரம் கிடந்தால் தசை திரும்பப் பிழைப்பது கடினம். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் 1881இலேயே, இறுக்கிய கட்டால் கை சுருங்கி விரல்கள் மடங்கிப் போவதை எழுதி வைத்திருக்கிறார். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டுக் கட்டுக்கு நான் பயப்படுவதும் இதனால்தான். மேல்பக்கம் திறந்த அட்டையில் வீக்கத்துக்கு இடம் இருக்கிறது, விரல் நுனி வெளியே தெரிகிறது, இறுகினால் ஒரு முடிச்சை மட்டும் தளர்த்தினால் போதும். அலுமினிய ஸ்பிளிண்டையும் இப்படித் திறப்பாகப் போடலாம்தான், ஆனால் சுற்றிச் சுற்றி பேண்டேஜ் போட்டு மூடிவிடுகிற ஆசை அதில் அதிகம்.

எதைக் கட்டினாலும் கட்டும் முன்னும் பின்னும், போகும் வழியிலும் விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுத்த நகம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். விரல் ஜில்லிட்டாலோ மரத்துப்போனாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ உடனே தளர்த்த வேண்டும். கட்டும் முன்னாலேயே மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றிவிட வேண்டும். பையன்கள் மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருப்பார்கள், அதை வெட்ட மனசு வராது, வீங்கிய பிறகு அது சதைக்குள் புதைந்துவிடும். தயங்காமல் வெட்டுங்கள். பெண்களுக்குக் காலில் கொலுசும் மெட்டியும் அப்படித்தான்.

எண்ணெய் போட்டு உருவக் கூடாது, குடிக்க சோடாவோ காபியோ கொடுக்கக் கூடாது, மயக்க மருந்து தர வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல் சுத்தமான துணியால் மூடினால் போதும்.

அட்டைக்கும் எல்லை உண்டு. மழையில் ஊறிவிடும், அதனால் மேலே ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றுகிறேன். தொடை எலும்புக்கு அட்டை பத்தாது. அந்த முறிவை நான் நேரில் கையாண்டதில்லை, அதனால் அனுபவமாகச் சொல்ல முடியாது. ஆனால் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசிந்து நிற்கும், வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. அங்கே நடுவில் மடித்த போர்வையை வைத்து நல்ல காலோடு சேர்த்து மெதுவாகக் கட்டி, அசைக்காமல், 108ஐக் கூப்பிட்டுக் காத்திருப்பதுதான் சரி. ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். இடுப்பு, முதுகெலும்பு என்று சந்தேகம் வந்தாலும் இதே கதைதான். கைமுறிவு என்றால், கட்டிய பிறகு பக்கத்தில் கிடைக்கிற காரில் போவதில் தவறில்லை.

பெட்டியில் இப்போது முன்கைக்கும் காலுக்கும் அளவு பார்த்து வெட்டிய அட்டைகள், பழைய வேட்டியில் கிழித்த அகலத் துணிகள், இரண்டு துண்டு, ஒரு கத்தரிக்கோல். மிச்சப் பணத்தில் ஒரு அலுமினிய ஸ்பிளிண்டும் வாங்கலாம் என்று குழுவில் கேட்டார்கள். வாங்கட்டும், ஆனால் வாங்கிய அன்றே ஆளுக்கொரு முறை வளைத்துப் பழகிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.